வெறும் வண்டி, லோடு வண்டி

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய்ச் சேர்வதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். காலையில் இந்தச் சாலையில் காலியாக ஓடும் பிக்அப் வண்டி, பொழுது சாய்வதற்குள் வாழைத்தாரையோ நெல்லையோ ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். பார்க்கிறவர்களுக்கு அதே வண்டிதான். ஆனால் அதன் பிரேக்குக்கும் விளக்குக்கும் டயருக்கும் காலையில் போனது ஒரு வண்டி, மாலையில் வந்தது வேறு வண்டி.

இதை வண்டியை வடிவமைத்தவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். வாங்குகிறவர்களுக்குத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. மைலேஜ் என்ன, தவணை எவ்வளவு, எத்தனை மூட்டை தாங்கும் என்பதோடு ஷோரூம் பேச்சு முடிந்துவிடுகிறது. வண்டிக்குள் ஒளிந்திருக்கும் நல்ல விஷயங்கள் பலவும் எவர் கையும் படாமலே கிடக்கின்றன.

டாடா ஏஸ் 2005-இல் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின், 750 கிலோ பாரம். மூன்று சக்கர ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை நிரப்ப வந்த அந்தச் சின்ன வண்டிக்குத் தமிழ்நாடே ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தது. 2011-இல் அசோக் லேலண்டும் நிஸானும் கூட்டாக உருவாக்கிய ‘தோஸ்த்’ ஓசூரிலிருந்து வந்தது. அதற்கு ஒன்றேகால் டன் பாரம். 2022-இல் வந்த மகிந்திராவின் பொலேரோ மேக்ஸ் வரிசையில் இரண்டு டன் வரை ஏற்றும் வண்டியும் உண்டு. நெல் கொள்முதல் நிலையக் கணக்கில் ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை, 40 கிலோ. அப்படியானால் குட்டி யானைக்கு 18 சிப்பம், தோஸ்துக்குச் சாக்கின் எடையையும் சேர்த்து 30 சிப்பம். ஆனால் அறுவடை நாளில், மழை மேகம் திரண்டு நிற்கும்போது, இந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும்.

வண்டிக்குள் ஒளிந்திருக்கும் விஷயங்களில் முதலில் பிரேக். பல பிக்அப் வண்டிகளின் அடியில், பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே, ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ ஒரு வால்வோடு இணைந்திருக்கும். மெக்கானிக்குகள் அதை எல்எஸ்பிவி என்பார்கள். பாரம் ஏறினால் வண்டி தாழும், கம்பி நகரும், வால்வு திறந்து பின் சக்கர பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். வண்டி காலியாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். காலி வண்டியில் பின்பக்கம் எடையே இல்லை. அங்கே பிரேக் பலமாகப் பிடித்தால் பின் சக்கரங்கள் இறுகி, வண்டி வாலைச் சுழற்றிவிடும். அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலிலிருந்து இழுத்து வந்த சேறு அப்பிய தார்ச்சாலையில், ஒரு பக்கம் வாய்க்கால் இருக்க, வண்டி அப்படிச் சுழன்றால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இப்போது நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். வண்டி வாங்கிய கையோடு பட்டறைக்குக் கொண்டுபோய், “ரெண்டு பட்டை சேத்து அடிச்சுடுங்க” என்று சொல்வது இங்கே சகஜம். கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டால் எவ்வளவு ஏற்றினாலும் வண்டி தாழாமல் நிற்கும்; பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் அந்த வால்வுக்குக் கண் கிடையாது. வண்டி தாழ்ந்தால் பாரம் இருக்கிறது, தாழாவிட்டால் காலி. அது அறிந்த கணக்கு அவ்வளவுதான். பட்டை சேர்த்த வண்டி முழு பாரத்தோடு பாலத்து இறக்கத்தில் வரும்போதும், காலியாக இருப்பதாக நினைத்துப் பின் பிரேக்கை அது அடக்கியே வைத்திருக்கும். பளு முழுவதும் முன் பிரேக்கின் தலையில் விழும். வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும்.

பட்டை சேர்த்தால் இந்த வால்வின் அளவையும் திருத்தியாக வேண்டும். கம்பி வளைந்தோ துருப்பிடித்தோ இருக்கிறதா என்று சர்வீஸின்போது கேட்டுப் பார்க்க வேண்டும். புதிதாக வரும் சில வண்டிகளில் ஏபிஎஸ்ஸோடு வரும் மின்னணு ஏற்பாடே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் இன்று நம் வாய்க்கால் கரைகளில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில் நிறைய பேர் அந்தக் கம்பியை நம்பித்தான் உயிரை வைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாள் முதல், முன்னே போகும் வண்டியின் பின் அச்சைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அடுத்தது விளக்கு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னத் திருகு பல வண்டிகளில் இருக்கும். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த டிரைவரிடம், “அண்ணே, இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“வண்டியோட வந்துச்சு தம்பி. நான் தொட்டதே இல்ல” என்றார்.

இருட்டிவிட்டிருந்தது. எதிரே இருந்த சுவரில் விளக்கை அடிக்கச் சொன்னேன். பின்பக்கம் பாரம் அமுக்கியிருந்ததால் வெளிச்சம் சுவரின் மேற்பாதியில் விழுந்தது. திருகை 3-க்குத் திருப்பியதும் அது மெல்லக் கீழே இறங்கியது. அவர் மறுபடி 0-க்குக் கொண்டுபோனார், மறுபடி 3-க்கு. பிறகு, “இத்தன வருசமா எதுத்தாப்ல வர்றவங்க எல்லாம் அதான் என்னத் திட்டிட்டுப் போனாங்களா?” என்றார்.

நம் சாலைகளில் இதைவிட முக்கியமான திருகு வேறு இருக்க முடியாது. ஆற்றங்கரைச் சாலைகள் ஒற்றை வண்டி அகலம். தை மாதத்துச் சம்பா அறுவடையில் பனி இறங்கியிருக்கும். எதிரே சைக்கிளிலோ பைக்கிலோ வருகிறவருக்கு, மேலே தூக்கிய விளக்கு கண்ணில் அடித்தால் கரை எது, தண்ணீர் எது என்று தெரியாது. லோடு ஏற்றியதும் தார்ப்பாய் கட்டுவதைப் போலவே இந்தத் திருகைத் திருப்புவதும் கைப்பழக்கமாக வேண்டும். காலி என்றால் 0. பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்ட வேண்டும். இறக்கியதும் மறுபடி 0.

மூன்றாவது தண்ணீர். டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். தண்ணீர் டீசலைவிடக் கனம். அடியில் போய்த் தங்கும். அளவு மீறினால் டேஷ்போர்டில் துளி வடிவம் கொண்ட விளக்கு எரியும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பாதி காலியான டேங்கின் உள்ளே காற்று குளிர்ந்து நீராகும். மழையில் கேனிலிருந்து ஊற்றினாலும் நாலு சொட்டு சேரும். பழைய எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. இன்றைய காமன் ரெயில் எஞ்சின் பொறுக்காது. பம்பும் இன்ஜெக்டரும் பழுதானால் ஒரு போக வருமானம் போய்விடும். வண்டியை அணைத்து, அந்தத் திருகைத் தளர்த்தி, தண்ணீர் போய் டீசல் வரும் வரை வடியவிட்டு மூடினால் வேலை முடிந்தது. விளக்கு எரிந்தும் “அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஓட்டுவதுதான் ஆபத்து.

இன்னும் உண்டு. 2019-இல் வந்த டாடா இன்ட்ராவில் எக்கோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. காலியாக ஓடும்போது டீசலை மிச்சப்படுத்தும். லோடோடு வயலிலிருந்து கரைமேல் ஏறும்போது அதை அணைத்துவிட்டால் எஞ்சின் முழு பலத்தையும் தரும். டயர் காற்று அளவைக் குறித்து ஒட்டிய சீட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு எண் இருக்கும். காற்று பிடிக்கும் இடத்தில் “எல்லாத்துலயும் ஒரே அளவு அடிங்க” என்று சொல்லிவிட்டு வருகிறோம். வண்டி எங்கே நிற்கிறது என்று உரிமையாளரின் போனுக்குச் சொல்லும் வசதிகூடச் சில வண்டிகளில் வந்துவிட்டது.

இத்தனை இருந்தும் ஒன்றை மட்டும் எந்த வண்டியும் அறியாது. அது உயரம். வைக்கோல் கட்டு எடையில் குறைவு. வால்வுக்கும் ஸ்பிரிங்குக்கும் அது ஒரு பாரமே இல்லை. ஆனால் கேபினுக்கு மேல் இரண்டு ஆள் உயரம் அடுக்கினால், வளைவிலும் பக்கக் காற்றிலும் வண்டியைச் சாய்ப்பது அந்த உயரம்தான். அங்கே ஓட்டுகிறவரின் நிதானத்தைத் தவிர வேறு கருவி கிடையாது.

இவற்றுக்கெல்லாம் விளக்கம் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. வண்டி விற்பவர்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. சாவி கொடுக்கும் நாளில் மாலையும் இனிப்பும் தருகிறீர்கள். அதோடு தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள், அரை மணி நேரம் டிரைவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். வண்டிக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் இதைக் கட்டாயமாக்கலாம்.

அதுவரை டிரைவர் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். நெல்லைப் போட வரிசையில் காத்திருக்கும் நேரம் உங்களுக்கு நிறையவே கிடைக்கிறது. அதில் ஒரு முறை வண்டிக்கு அடியில் குனிந்து அந்தக் கம்பியைப் பாருங்கள். விளக்குத் திருகைத் தேடுங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த உங்கள் பிள்ளையை உட்கார வைத்து அந்தப் புத்தகத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். விலை கொடுத்து வாங்கியாயிற்று. அதில் பாதியைத் தெரியாமலே ஓட்டுவானேன்?