வெள்ளிப் பை எங்கே போகிறது?

ரிச்சி தெருவானாலும் வேறு எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவானாலும் தினமும் நடப்பதுதான். பெட்டியாக வரும் ராம் கார்டுகளைப் பிரித்து, கேட்ட எண்ணிக்கையில் சாதாரண பாலிதீன் கவரில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுத்து விடுகிறோம். சரக்கு வந்த வெள்ளி நிறப் பை குப்பைக்குப் போகிறது. பத்து நாளில் ஒரு பீஸ் திரும்பி வருகிறது. வாங்கியவர் விற்றவரைச் சொல்கிறார். விற்றவர் கம்பெனியைச் சொல்கிறார். கடைசியில் நஷ்டம் மெக்கானிக்கின் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. இது நியாயம்தானா என்று நாம் யோசித்தாக வேண்டும்.

ஸ்டாட்டிக் மின்சாரம் கையில் சுரீர் என்று உறைக்க ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். சில ஐ.சி.க்களுக்கு 100 வோல்ட்டே எமன். எனவே கெடுத்தவருக்கே கெடுத்தது தெரியாது. அடிபட்ட பீஸ் சில சமயம் கவுன்டரில் ஒழுங்காக ஓடிக் காட்டிவிட்டு, வாடிக்கையாளர் வீட்டில் போய் நின்றுவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் இதெல்லாம் வராது என்பார் உண்டு. ஈரத்தில் குறையும், அற்றுப் போகாது. அதோடு ஏ.சி. போட்ட அறையில் காற்று உலர்ந்துவிடுகிறதே! செல்லோ டேப்பை உரித்தாலே ஆயிரக்கணக்கில் வோல்ட் கிளம்பும்.

ரிஸ்ட் ஸ்ட்ராப் வாங்கிக் கொடுத்தோமே என்கிறார்கள் சிலர். அதன் முனை எர்த்தில் சேராவிட்டால் அது வெறும் வளையல். பழைய கட்டிடங்களில் பிளக் பாயிண்டின் எர்த் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாததைப் பார்த்திருக்கிறோம். எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்க வேண்டியவர் முதலாளி. ஸ்ட்ராப் அறுந்தால் சாதா ஒயரைக் கையில் கட்டிக்கொள்ள விடவும் கூடாது. ஸ்ட்ராப்பில் உள்ள 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஆளைக் காப்பதற்காக வைத்தது.

இளஞ்சிவப்புப் பையை வெள்ளிப் பைக்குச் சமம் என்று விற்கிறார்கள். அது தானாக ஸ்டாட்டிக் உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்காது. வெள்ளிப் பை தடுக்கும், அதுவும் வாயை மூடி வைத்தால்.

உதிரியாகக் கொடுக்கும் ஒவ்வொரு பீஸையும் வெள்ளிப் பையிலேயே கொடுப்பது, அதே பையில் வந்தால்தான் ரிட்டர்ன் எடுப்பது என்று சங்கம் முடிவு செய்ய வேண்டும். பை விலை யார் தலையில் என்ற கேள்வி எழும். பெட்டியைப் பிரிக்கும் மொத்த வியாபாரியே ஏற்கட்டும் என்பது நம் கருத்து. அவர்கள் மறுப்புச் சொன்னால் பேசித் தீர்க்கலாம். அதுவரை மெக்கானிக்கின் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம்.