699 ரூபாய் கத்தியும் திங்கள்சந்தை வெட்டோத்தியும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அண்ணன் மகன் போன் பண்ணினான். "சித்தப்பா, அப்பாகிட்ட சொல்லிராதீங்க. கையில லேசா ஒரு வெட்டு..." என்று ஆரம்பித்தான். இப்படி ஆரம்பிக்கிற போன் எதுவும் லேசாக முடிவதில்லை.

காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிற பையன். நாலு நண்பர்களோடு பேச்சிப்பாறை பக்கம், ஒருத்தன் வீட்டு ரப்பர் தோட்டத்தில் கூடாரம் போட்டு, தீ மூட்டி, மரச்சீனிக் கிழங்கு சுட்டுத் தின்பதாகத் திட்டம். அதற்கென்றே ஆன்லைனில் 699 ரூபாய்க்கு ஒரு கத்தி வாங்கினான். எனக்கு போட்டோகூட அனுப்பினான். கறுப்பு அலகு, முதுகில் ரம்பப் பல், பிடியின் மூடியில் திசைகாட்டி. மூடியைத் திருகினால் உள்ளே தீக்குச்சி, தூண்டில் முள். பார்க்க ஜோராகத்தான் இருந்தது.

விறகு பிளக்க வேண்டும். கத்தியைக் கட்டையின் மேல் வைத்து, இன்னொரு கட்டையால் அதன் முதுகில் தட்டியிருக்கிறான். நாலாவது தட்டில் அலகு தனி, பிடி தனி. துள்ளிய அலகு இடது கைப் பெருவிரலுக்குக் கீழே கிழித்துவிட்டது. ஆறு தையல். விரலை மடக்குகிற தசைநார் நூலிழையில் தப்பியது என்றார் டாக்டர். அது அறுந்திருந்தால் பேனா பிடிப்பதும் பட்டன் போடுவதும் பெரும்பாடாகியிருக்கும். அவன் இடது கைக்காரன்.

நெய்யூருக்கு அழைத்து வந்ததும் எங்கள் அம்மா விட்டாரே ஒரு டோஸ்! "எவரெஸ்ட் ஏறின சாயிப்பு இருந்த ஊராக்கும்லே இது. ஒனக்கு ஒரு விறவு கீறத் தெரியல்லியே!"

அம்மா சொன்ன சாயிப்பு, டாக்டர் சோமர்வெல். 1922 எவரெஸ்ட் குழுவில் இருந்த இங்கிலாந்துக்காரர். அது முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தபோது நெய்யூர் மருத்துவமனையில் குவிந்து கிடந்த நோயாளிகளைப் பார்த்தார். இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே உச்சிக்குப் பக்கம் வரை ஏறினார். திரும்பி வந்து ஆபரேஷன் கத்தியைப் பிடித்தார். இந்த ஊர் அவரை இன்னும் மறக்கவில்லை.

சரி, பையனின் கத்தி ஏன் உடைந்தது? 1982-ல் வந்த ராம்போ முதல் படத்தில் ஸ்டாலோன் வைத்திருந்தது பிடி உள்ளே பொள்ளலான கத்தி. அதைப் பார்த்து உலகம் முழுக்க மலிவு விலையில் நகல்கள் கிளம்பின. பிடி பொள்ளல் என்றால் அலகின் இரும்பு அதற்குள் முழுசாகப் போக முடியாது. ஒரு சின்னத் துண்டுதான் உள்ளே இருக்கும்; அதைப் பசையோ ஆணியோ பிடித்துக்கொண்டிருக்கும். தட்டுகிற ஒவ்வொரு அடியும் அந்த இணைப்பில்தான் விழுகிறது. தீக்குச்சி வைக்க இடம் விட்டதில் பலம் போய்விட்டது.

தையல் பிரித்த அடுத்த திங்கட்கிழமை, அவனைத் திங்கள்சந்தைக்கு அழைத்துப் போனேன். எங்களுக்கு நடக்கிற தூரம்தான். அங்கே ஒரு கொல்லர், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து உலை வைத்திருக்கிறார். துருத்தி போய் கரண்ட் ஊதி வந்திருக்கிறது, மற்றதெல்லாம் பழையபடிதான்.

லாரியிலிருந்து கழற்றிய ஸ்பிரிங் பட்டைதான் அவருக்கு மூலப்பொருள். அதில் கார்பன் சுமார் 0.6 சதவிகிதம். கூர் நிற்கவும் வேண்டும், அடி தாங்கவும் வேண்டும் என்றால் அந்த அளவு நல்ல அளவு. பழுக்கக் காய்ச்சி, அடித்து, வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் முக்கினார். உடனே வெளியே எடுத்து, கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்க்கு இறங்கியது. இரும்பின் மேல் வைக்கோல் நிறம் ஓடி வந்தது. சட்டென்று முழுக் கத்தியையும் முக்கிவிட்டார். "இன்னும் நின்னா நீலமாயிரும், வாய் மழுங்கும். முந்தி முக்கினா கண்ணாடி மாதிரி தெறிச்சிரும்" என்றார். இதற்குத்தான் தோய்ச்சல் என்று பேர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வேலைக்கு ஒரு கத்தி. பனையேறிகளுக்குப் பாளை அருவாள். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு வாய் மடங்கிய கத்தி. மரத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவும். விறகுக்கும் தேங்காய்க்கும் சக்கைக்கும் வெட்டுகத்தி, எங்கள் பேச்சில் வெட்டோத்தி. அதன் முன்பக்கம் கனமாக இருக்கும்; கை பாதி வேலை செய்தால் போதும், மீதியைக் கத்தியே செய்யும். காய், மீன், கயிறு எல்லாவற்றுக்கும் நாலு அங்குலப் பிச்சாத்தி.

பையன் வெட்டோத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல திசைகாட்டி இல்லியே" என்றான் சிரித்துக்கொண்டே. "திசை தெரியாதவன் காட்டுக்குள்ள எதுக்கு மக்களே போவணும்?" என்றார் கொல்லர்.

வெட்டோத்தி 450, பிச்சாத்தி 150. ஆக 600 ரூபாய். மிச்சம் 99-ல் மூன்று பேரும் டீயும் ஏத்தன்பழ பஜ்ஜியும் சாப்பிட்டோம்.

மலிவு என்றாலே மட்டம் இல்லை. ஸ்வீடனில் மோரா என்ற ஊரில் செய்கிற கத்தி, உலகம் முழுக்கக் காட்டுக்குப் போகிறவர்கள் நம்பி வாங்குகிற மலிவுக் கத்தி. சாதாரண பிளாஸ்டிக் பிடி, சின்ன அலகு, அலங்காரம் கிடையாது. காசு முழுக்க இரும்பிலும் கூரிலும் போயிருக்கும்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால் கவனிக்க வேண்டியவை:

• பிடி பொள்ளலாக இருந்தால் வேண்டாம். இரும்பு பிடிக்குள் கடைசி வரை, குறைந்தது முக்கால்வாசியாவது போகிறதா என்று கேளுங்கள்.

• கைக்கத்திக்கு நாலு அங்குல அலகு போதும். விறகுக்கு வெட்டுகத்தி தனியாக இருக்கட்டும்.

• கொல்லர் செய்கிற கத்தி துருப்பிடிக்கும். ஆனால் கல்லில் தீட்டினால் சுலபமாகக் கூராகும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் கடற்காற்றுக்கும் தாங்கும். ஸ்டெயின்லெஸ் துருவுக்கு நல்லது. தீட்டத்தான் பொறுமை வேண்டும்.

• உறை இல்லாத கத்தியை வாங்காதீர்கள். மழுங்கிய கத்தியை அப்படியே வைத்திருக்காதீர்கள். அழுத்தி வெட்ட வேண்டியிருப்பதால் வழுக்குவது அதுதான்.

• 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளுக்குள் வரும். வீடு, விவசாயம், தொழிலுக்கெனச் செய்தவைக்கு விலக்கு உண்டு. அதற்காக இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறக் கூடாது. உறை போட்டுப் பையின் அடியில் வையுங்கள். சரணாலயக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

வெட்டுப்பட்டால் காப்பிப்பொடி, மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்தி, கையை உயரத் தூக்கிப் பிடியுங்கள். ஆழமாக இருந்தாலோ விரல் மடங்காவிட்டாலோ நேராக ஆஸ்பத்திரிக்கு. டி.டி. ஊசி போட்டு எவ்வளவு நாளாச்சு என்பதையும் சொல்லுங்கள்.

கிளம்பும்போது கொல்லர் கத்தியைக் கையில் கொடுக்கவில்லை. பலகையில் வைத்து, "எடுத்துக்கோ" என்றார். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் வீடுகளிலும் சொல்வார்களே, அதேதான். சண்டை வருமோ வராதோ, ஒருவர் விடுவதற்கு முன் இன்னொருவர் இழுத்தால் ரத்தம் வரும். பையன் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே பிடியைப் பார்த்து எடுத்தான்.

கொல்லரின் மகன் ஆட்டோ ஓட்டுகிறார். "எனக்குப் பொறவு இந்த உலை இல்ல" என்று சாதாரணமாகச் சொன்னார். உங்கள் ஊரில் உலை இன்னும் எரிகிறதா? அடுத்த தடவை பிள்ளைகள் கத்தி வேண்டும் என்று போனை நீட்டினால், முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.