செக் இன்ஜின் லைட்டுக்குப் பயந்து இஎம்ஐ-ல மாட்டிக்காதீங்க!

டேஷ்போர்டுல மஞ்சள் கலர்ல இன்ஜின் படம் போட்ட லைட் எரியுதா? பழைய கார் வெச்சிருக்கிற நம்மில் பலருக்கு அதைப் பார்த்ததும் ரெண்டு விஷயம்தான் தோணும். ஒண்ணு, எவ்வளவு செலவு வைக்கப்போகுதோ. இன்னொண்ணு, பேசாம வண்டியையே மாத்திடலாமா.

இந்த ரெண்டாவது எண்ணம்தான் காசைக் கரைக்கும். கார் லோன் வேண்டாம்னு நம்ம சேனல்ல தொண்டை வறளப் பேசுற நானே போன வருஷம் ஒரு ஷோரூம்ல கொட்டேஷன் வாங்கிட்டு வந்தேன். ஊருக்குத்தான் உபதேசம்!

என் வண்டி 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, லோன் முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. ஒருநாள் காலையில ஆபீஸ் போகும்போது லைட் எரிஞ்சுது. தெரிஞ்ச மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "பி0135 வருது சார், ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு." மாத்தினோம். சென்சார் 3,600, கூலி 500. லைட் அணைஞ்சுது, நானும் மறந்துட்டேன்.

நாலு மாசத்துல அதே லைட், அதே கோடு. "போன தடவை போட்டது டூப்ளிகேட்டா இருக்கும்"னு வேற ஒரு கடையில சொன்னாங்க. மறுபடி ஒரு சென்சார், கூலியோட 2,400 ரூபாய். மூணு மாசம் தாங்குச்சு. மூணாவது தடவை போன இடத்துல "ஈசியூவே போயிடுச்சு, 18,000 ஆகும்"னு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. வீட்ல மச்சான் அவர் பங்குக்கு, "பழசைக் கட்டிக்கிட்டு ஏன் மாமா அழறீங்க, மாத்திடுங்க"ன்னார். அன்னைக்கு சாயங்காலம்தான் ஷோரூம் போனேன்.

7 லட்சம் லோன், 5 வருஷம், வட்டி 9.5 சதவீதம்னு வெச்சுக்கோங்க. மாசம் சுமார் 14,700 ரூபாய். வட்டியா மட்டும் 1.8 லட்சத்துக்கு மேல போகும். இதுல இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ் எதுவும் சேர்க்கலை. ஒரு லைட் அணையறதுக்காக, அறுபது மாசம் 14,700!

சரி, பி0135-க்கு நிஜமான அர்த்தம் என்ன? 'முன்பக்க ஆக்சிஜன் சென்சாரோட ஹீட்டர் சர்க்யூட்ல கோளாறு.' அவ்வளவுதான். சென்சார் செத்துப்போச்சுன்னு அந்த கோடு எங்கேயும் சொல்லலை. ஃப்யூஸ், ரிலே, வயர், கனெக்டர், சென்சாருக்குள்ள இருக்கிற ஹீட்டர், ஈசியூ எல்லாம் சேர்ந்ததுதான் அந்த சர்க்யூட். வீட்ல ஃபேன் ஓடலைன்னா உடனே புது ஃபேன் வாங்குவோமா? கரன்ட் வருதான்னு முதல்ல பார்ப்போம்ல?

அந்த சென்சார் என்ன செய்யுதுன்னு சுருக்கமா சொல்றேன். இன்ஜின்ல இருந்து வர்ற புகையில ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அது அளக்கும். அதை வெச்சுத்தான் ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். சென்சார் ஒழுங்கா வேலை செய்யணும்னா 300 டிகிரிக்கு மேல சூடாகணும். புகை சூடாக்குற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னுதான் உள்ளேயே ஒரு ஹீட்டர் வெச்சிருக்காங்க. ஹீட்டர் வேலை செய்யலைன்னா, வண்டி ஸ்டார்ட் ஆன முதல் சில நிமிஷம் ஈசியூ குத்துமதிப்பா பெட்ரோல் ஊத்தும். என் ஆபீஸ் 6 கிலோமீட்டர்தான். அதனால என் மொத்த ஓட்டத்துல பாதி அந்தக் குத்துமதிப்புலயே போச்சு. மைலேஜ் 15-லேருந்து 12-க்கு வந்ததுக்குக் காரணம் இதுதான்.

ஷோரூம்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, ஆபீஸ் நண்பர் சொன்ன ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போனேன். அவர் சென்சாரைக் கழட்டவே இல்லை. ஹீட்டரோட ரெசிஸ்டன்ஸ் அளந்தார், சரியா இருந்தது. கனெக்டர்ல 12 வோல்ட் வந்தது. "மீட்டர்ல வோல்ட் காட்டினா போதாது தம்பி, லோடு தாங்கணும்"னு சொல்லிட்டு ஒரு சின்ன பல்பை மாட்டினார். வயரைக் கையால ஆட்டிக்கிட்டே வந்தார். எக்ஸாஸ்ட் பக்கத்துல ஒரு இடத்தைத் தொட்டதும் பல்பு மினுக்கி அணைஞ்சுது.

வயரைத் தாங்கிப் பிடிக்கிற கிளிப் எப்பவோ உடைஞ்சிருக்கு. வயர் சரிஞ்சு சூட்டுக்குப் பக்கத்துல தொங்கியிருக்கு. மேல் உறை காஞ்சு விரிசல் விட்டு, உள்ளே செம்பு பச்சை பூத்து, நாலஞ்சு இழைதான் மிச்சம். ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்குறப்போ தொடர்பு விட்டுப்போகும். வயரை வெட்டி ஒட்டி, ஸ்லீவ் போட்டு, புது கிளிப் மாட்டினார். எல்லாம் சேர்த்து 900 ரூபாய். பதினாலு மாசமாச்சு, இன்னும் லைட் வரலை.

அப்படின்னா முதல் ரெண்டு தடவை லைட் எப்படி அணைஞ்சுது? சென்சாரை மாத்துறப்போ கனெக்டரைப் பிடுங்கி மாட்டுவாங்க, வயர் கொஞ்சம் இடம் மாறும். ஸ்கேனர்ல கோடை அழிப்பாங்க. அதனாலதான் அணைஞ்சுது. 6,500 ரூபாய்க்கு நான் வாங்கினது ஏழு மாச நிம்மதி மட்டும்தான்.

இப்போ மெக்கானிக் எல்லாம் ஏமாத்துறாங்கன்னு நான் சொல்வேன்னு நினைப்பீங்க. சொல்ல மாட்டேன். இதுல பெரிய தப்பு நம்ம மேலதான். ஒருத்தர் ரெண்டு மணி நேரம் வயரைத் தடவிப் பார்த்துட்டு, "ஒண்ணும் மாத்த வேண்டாம், 800 ரூபாய் கொடுங்க"ன்னா நாம கொடுப்போமா? "சும்மா பார்த்ததுக்கு எதுக்கு 800?"ன்னு சண்டைக்கு நிப்போம். அதே ஆள் பத்து நிமிஷத்துல சென்சாரை மாத்திட்டு 4,000 கேட்டா, ஜிபே பண்ணிட்டு வந்துடுவோம். பார்ட்ஸுக்குத்தான் காசு, மூளைக்குக் காசு இல்லைன்னா, அவர் பார்ட்ஸைத்தானே விப்பார்? டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்காம மருந்துக்கு மட்டும் காசு கொடுக்கிற மாதிரிதான் இது.

அதனால அடுத்த தடவை போகும்போது முதல் வார்த்தையா இதைச் சொல்லுங்க: "அண்ணே, காரணம் கண்டுபிடிக்கிறதுக்குத் தனியா காசு தர்றேன். எதையும் மாத்துறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க." பேச்சோட தொனியே மாறும்.

அங்கே போகும்போது வெறுங்கையோட போகாதீங்க. ஆயிரம் ரூபாய்க்குள்ள ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் கிடைக்குது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற போர்ட்ல மாட்டி, போன்ல ஒரு ஆப் போட்டா போதும். லைட் எரிஞ்சதும் கோடை அழிச்சுடாதீங்க, முதல்ல ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. 'ஃப்ரீஸ் ஃப்ரேம்'னு ஒண்ணு இருக்கும். கோளாறு பதிவான நிமிஷத்துல வேகம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவுன்னு அதுல தெரியும். கோடை அழிச்சா அதுவும் போயிடும்.

எல்லா கோடும் ஒரே கதை இல்லை. பி0171 வந்தா, காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு சென்சார் சொல்லுது. உண்மையாவே எங்கேயாவது ரப்பர் ஹோஸ் வெடிச்சுக் காத்து இழுக்கலாம். ஆப்ல 'ஃப்யூவல் டிரிம்' பாருங்க. ஐடிலிங்ல 20, 25 சதவீதம் காட்டிட்டு, 2,500 ஆர்பிஎம்-ல வெச்சா நல்லா இறங்குதுன்னா காத்துக் கசிவு மேல சந்தேகப்படலாம். எக்ஸாஸ்ட் பைப்ல சென்சாருக்கு முன்னாடி ஓட்டை இருந்தாலும் வெளிக்காத்து புகுந்து இதே பொய்க்கணக்கு வரும். பி0420 வந்தா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பத்தின புகார், அதைச் சொல்றது பின்பக்க சென்சார். சேதி சொன்னவனைத் தூக்கி எறிஞ்சா ஆச்சா?

பழைய வண்டிக்காரங்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. 2025-லேயே பெட்ரோல்ல எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டாச்சு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காத்து வேணும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதனால கலப்பு கூடக்கூட ஈசியூ கொஞ்சம் அதிகமா ஊத்தித்தான் சமாளிக்கும், அதுக்கும் இந்த சென்சாரையே நம்பியிருக்கு. வண்டியில ஏற்கெனவே சின்னக் கசிவு இருந்தா, இதுவும் சேர்ந்து லைட்டை எரிய வைக்கலாம். ஈ20 மேலேயே மொத்தப் பழியையும் போட மாட்டேன், ஆனா கணக்குல வெச்சுக்கோங்க.

சென்சாரே செத்துப்போறதும் உண்டு. லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டியில, ஆயில் குடிக்கிற இன்ஜின்ல, அது வேகமாவே போகும். டெஸ்ட் பண்ணி அதுதான்னு தெரிஞ்சா, தயங்காம நல்ல பிராண்டா போடுங்க. ஆனா ஆயில் எரியுறதைக் கவனிக்காம சென்சாரை மட்டும் மாத்தினா, புதுசும் அதே வழியில போகும்.

"எரிஞ்சா எரியட்டும், வண்டி ஓடுதுல்ல" கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் அதிகமா எரிஞ்சுக்கிட்டே இருந்தா அடுத்து அடி வாங்குறது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். அதோட விலை சென்சாரைப் போல பல மடங்கு. பொல்யூஷன் சர்டிபிகேட்லயும் சிக்கல் வரும், அது இல்லாம ஓட்டினா அபராதம் 10,000 ரூபாய் வரைக்கும் போகலாம். லைட் விட்டு விட்டு மின்னினா அது வேற விஷயம். இன்ஜின்ல பெட்ரோல் எரியாம வெளியே போகுதுன்னு அர்த்தம். ஓரமா நிறுத்துங்க.

சிலர் லைட்டையே கழட்டி விட்டுடுவாங்க, சிரிக்காதீங்க. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போனீங்கன்னா, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணிப் பாருங்க. செக் இன்ஜின் லைட் கண்டிப்பா எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லைன்னா அந்த வண்டிக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

எது மாத்தினாலும், கழட்டின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. என்னோட முதல் சென்சாரை நான் வாங்கி வெச்சிருந்தேன். அதை எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுத்து டெஸ்ட் பண்ணச் சொன்னேன். ஹீட்டர் நல்லாவே இருக்கு. இப்போ டிக்கியில, ஸ்டெப்னிக்குப் பக்கத்துல, ஸ்பேரா கிடக்குது.