டெண்டல் ஹைஜீனிஸ்ட்டுகளின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் பல் மருத்துவமனைகளில் ஸ்கேலிங் செய்யும் டெண்டல் ஹைஜீனிஸ்ட்டுகளாகிய நாங்கள், மருத்துவமனை உரிமையாளர்களிடமும் மக்கள் நல்வாழ்வுத் துறையிடமும் இக்கோரிக்கைகளை வைக்கிறோம்.

பற்காரையை எடுப்பது (ஸ்கேலிங்), பல்லைச் சுத்தமாக்கி மெருகேற்றுவது, வாய்ச் சுகாதாரம் கற்றுக்கொடுப்பது ஆகியவை எங்கள் தொழில் என்று 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டமே சொன்னது. அந்த வேலையை உடம்பு கெடாமல் செய்ய வழி வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

முதலில் கருவி. கீழ்க் கடைவாய்ப் பல்லின் நாக்குப் பக்கம், ஈறுக்கு அடியில் இருக்கும் காரை கண்ணுக்குத் தெரியாது. காரையைச் சுரண்டும் கருவியான க்யூரெட்டின் முனை விரலுக்குச் சொல்வதுதான் கணக்கு. முனை கூராக இருந்தால் காரை பெயர்ந்து வரும். மழுங்கியிருந்தால் காரையின் மேற்பரப்பு மட்டும் வழவழப்பாகி, வேர் சுத்தமாகிவிட்டது போல விரலை ஏமாற்றும். அடியில் கிருமி அப்படியே தங்கும். அந்த மழுங்கல் கருவியை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டை மடக்கி இழுத்து இழுத்தே இரவில் எங்கள் விரல்கள் மரத்துப்போகின்றன. நோயாளியின் ஈறும் எங்கள் கையும் ஒரே காரணத்தால்தான் கெடுகின்றன. தீட்டுக்கல்லும் தீட்டும் நேரமும் வேலை நேரத்துக்குள்ளேயே வேண்டும். தேய்ந்து மெலிந்த க்யூரெட் வாய்க்குள் முறியும் வரை காத்திருக்கக் கூடாது. 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 கிராம் எடையும் உள்ள கைப்பிடிக்குத் தசை குறைவாகவே உழைக்கிறது என்று 2006-இலேயே ஆய்வு வந்துவிட்டது. மெல்லிய, கனத்த பிடிகளை இனி வாங்காதீர்கள். கையுறையும் அவரவர் கை அளவுக்கு வேண்டும்.

அடுத்தது இருக்கை. கடைகளில் நாள் முழுக்க நின்றவர்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் தமிழ்நாடு சட்டமாக்கியது. எங்களுக்கு இருக்கை உண்டு. ஆனால் பல இடங்களில் அது மருத்துவர் கழித்துப்போட்ட, முதுகு சாய்க்க வழியில்லாத, உட்கார்ந்ததும் இறங்கிவிடும் ஸ்டூல். உயரம் மாற்றக்கூடிய, இடுப்பைத் தாங்கும் இருக்கை தாருங்கள். நோயாளியின் வாய் எங்கள் முழங்கை மட்டத்துக்கு வரும்படி அவர் நாற்காலி ஏறி இறங்க வேண்டும். உறிஞ்சுகுழாயைப் பிடிக்க ஓர் உதவியாளரும் வேண்டும். அவர் இல்லாவிட்டால் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கக் கை மிஞ்சாது. கழுத்தை ஒடித்துத்தான் எட்டிப் பார்க்கிறோம்.

பல் மருத்துவ முகாம்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பள்ளி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி, தலை சாய்க்க இடமில்லாத பிள்ளை, டார்ச் வெளிச்சம். வரிசை முடியும்வரை நிமிர முடியாது. தலைதாங்கியுள்ள மடக்கு நாற்காலியும் விளக்கும் வராத முகாமில் பல்லைப் பரிசோதிப்போம், துலக்கக் கற்றுக்கொடுப்போம். ஸ்கேலிங் செய்ய மாட்டோம்.

நாளுக்கு இத்தனை பேர் என்ற இலக்கை நீக்குங்கள். காரை அதிகமுள்ள இருவரை அடுத்தடுத்து அனுப்பக் கூடாது. கர்ப்பிணிப் பணியாளர்களுக்கு நேர ஒதுக்கீட்டைத் தளர்த்த வேண்டும். நோயாளி வராத நேரத்தில் எங்களை வரவேற்பு மேசைக்கு அனுப்பாதீர்கள். தீட்டவும் குறிப்பு எழுதவும் அந்த நேரம் தேவை. ஊசி போடவோ பல் பிடுங்கவோ எங்களைப் பணிக்கக் கூடாது. அதுபோலவே, பயிற்சி பெறாதவர் கையில் ஸ்கேலரைக் கொடுக்கவும் கூடாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010-ஆம் ஆண்டுத் தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு அழுத்த நோய் இருக்கிறது. இங்கே கை மரத்துப்போகிறது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து வாய் மூடியிருப்பவர்கள் எங்களில் பலர். சிகிச்சைச் செலவு, சம்பளத்துடன் விடுப்பு, திரும்பி வரும்போது அதே வேலை ஆகிய மூன்றும் எழுத்தில் வேண்டும்.

பட்டயப் படிப்பின் செய்முறைத் தேர்வில் எடுத்த காரைக்கு மட்டும் மதிப்பெண் தராமல், மாணவர் உட்கார்ந்த விதத்துக்கும் தர வேண்டும். கருவியும் இருக்கையும் வாங்கும் குழுவில் எங்களில் ஒருவர் இருக்க வேண்டும். விலை பேசி முடிக்கும் முன் அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்து, அந்தக் கருவியைப் பிடித்துப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும்.