துடைத்தபின் எங்கே செல்கிறது?

துடைப்பதால் அழுக்கு அழிவதில்லை. அது இடம் மாறுகிறது. அடுப்பு மேடையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு துணிக்குச் செல்கிறது. துணியை அலசினால் நீருக்குச் செல்கிறது. துணியையே எறிந்துவிட்டால் தெருவுக்கும், அங்கிருந்து குப்பைமேட்டுக்கும் செல்கிறது. எனவே, வீடு எவ்வளவு பளிச்சிடுகிறது என்பதை மட்டும் கொண்டு ஒரு துடைப்பான் நல்லதா என்று முடிவுசெய்ய இயலாது. அதன் பயணம் எங்கே முடிகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

'வெட் வைப்ஸ்' என்னும் பெயரில் விற்கப்படும் ஈரத் துடைதாள்கள், குழந்தைகளின் உடலைத் துடைப்பதற்கு மட்டுமன்றிச் சமையல் மேடை, உணவு மேசை, கழிவறை ஆகியவற்றைத் துடைக்கவும் இன்று பயன்படுகின்றன. அவற்றுள் சில, 'மட்கும்' என்னும் சொல்லை உறையில் தாங்கி வருகின்றன. அச்சொல்லை நம்பலாமா? நம்பலாம்; ஆனால், நிபந்தனையோடுதான் நம்ப வேண்டும் என்பதே என் கருத்து.

துணிபோல் தோன்றும் நெகிழி

கையில் எடுத்தால் பருத்திபோல் மென்மையாக இருக்கும் ஈரத் துடைதாள்களில் பல, பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் போன்ற நெகிழி இழைகள் கலந்தவை. அவை நெய்யப்படாமல், இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து உருவாக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நெகிழித் தடையில், துணிபோல் தோன்றும் நெய்யாத பைகளும் இடம்பெற்றன. அதே வகை இழையால் ஆன துடைதாள்களோ அப்பட்டியலில் இடம்பெறவில்லை. தடை இல்லை என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

கழிவறையில் போடப்படும் துடைதாள் காகிதம்போல் நீரில் கரைவதில்லை. குழாயில் கொழுப்போடு சேர்ந்து இறுகுகிறது. 2017ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் ஒயிட்சேப்பல் பகுதியில், பாதாளச் சாக்கடையை அடைத்துக்கொண்டிருந்த கொழுப்புப் பாறை ஒன்று கண்டறியப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். எடை ஏறத்தாழ 130 டன். அப்பாறையை இறுகச் செய்தவற்றுள் ஈரத் துடைதாள்கள் முதன்மையானவை.

நம் மாவட்டத்தில் கொசத்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தையும், ஆரணி ஆறு பழவேற்காடு ஏரியையும் சென்றடைகின்றன. வாய்க்காலில் வீசப்படும் நெகிழி இழைக்கும் அதுவே வழி. அது வெயிலிலும் நீரிலும் சிதைந்து நுண்நெகிழியாகுமேயன்றி மண்ணாகாது.

மட்கும் என்பதன் பொருள்

பருத்தி, மரக்கூழ், மூங்கில்கூழ் முதலியவற்றின் இழைகளால் மட்டுமே ஆன துடைதாள் இவ்வகையில் மேலானது. அதை நுண்ணுயிர்கள் உண்ண முடியும். எனினும், உண்பதற்குரிய சூழல் வேண்டும். மட்கும் நெகிழிக்கான தரக்கட்டுப்பாட்டுச் சோதனை ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றும் ஈரமும் சீராகக் கிடைக்கும் உரச்சூழலில் நடைபெறுகிறது. அச்சூழலில் 180 நாள்களுக்குள் அதன் கார்பனில் 90 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும்.

குப்பைமேட்டின் அடியில் காற்று இல்லை. அங்கே புதையுண்ட மட்கும் பொருள் மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு கார்பன் டை ஆக்சைடைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. ஆகவே, 'மட்கும்' என்பது பொருளின் பண்பு மட்டுமன்று. அது சென்று சேரும் இடத்தையும் பொறுத்தது. உரக்குழிக்குச் செல்லாத மட்கும் தாள், நிறைவேறாத வாக்குறுதியே ஆகும்.

தொழிற்சாலை கற்றுத்தரும் பாடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு, வேதிப்பொருள், இயந்திர உதிரிபாகம் எனப் பல்வகை ஆலைகள் உள்ளன. இத்தகைய ஆலைகளில் இயந்திரத்தின் எண்ணெயைத் துடைக்க, 'பனியன் வேஸ்ட்' எனப்படும் பின்னலாடைத் துணுக்குகளைப் பயன்படுத்துவர். அத்துணுக்கு தூய பருத்தியாக இருப்பின் மண்ணில் மட்கக்கூடியதே. ஆயினும், மாசுபட்ட பருத்தித் துணிகளையும் பிற துடைப்புப் பொருள்களையும் இடர்மிகு கழிவுகள் பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகள் தம் பட்டியலில் சேர்த்துள்ளன. அவற்றைத் தெருவோரத்தில் கொட்டுதல் குற்றம். இடர்மிகு தொழிற்கழிவுகளைப் பாதுகாப்பாகக் கையாளும் பொதுமையம் ஒன்று இதே சிப்காட் வளாகத்தில் இயங்குகிறது.

இங்கே ஓர் உண்மை விளங்குகிறது. துணி எதனால் ஆனது என்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை; அது எதைத் துடைத்தது என்றும் கேட்கிறது. இதே கேள்வியை வீட்டிலும் கேட்க வேண்டும். சோற்றுப் பருக்கையைத் துடைத்த பருத்தித் துணுக்கு உரக்குழிக்கு உணவு. வண்ணப்பூச்சையோ பூச்சிமருந்தையோ துடைத்த துணுக்கு உரத்துக்கு நஞ்சு. கிருமிநாசினியில் ஊறிய துடைதாள், உரத்தை ஆக்கும் நுண்ணுயிர்களுக்கும் பகையாகலாம்.

துவைக்கும் கை எவருடையது?

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் வழக்கு. பழைய பருத்தி வேட்டியையும் சேலையையும் கிழித்துத் துடைத்து, அலசி, வெயிலில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்துவதே இன்றும் சிறந்த வழி. ஆனால், இதைச் சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். துணியை அலசுவதும் உழைப்பே. ஆலையில் எட்டு மணிநேரம் நின்று வேலை செய்துவிட்டு வீடு திரும்பும் ஒரு பெண், துடைத்ததும் எறியக்கூடிய தாளை நாடுவதைக் குறை கூறுதல் எளிது. அவளுடைய வேலையைப் பகிர்ந்துகொள்வதுதான் கடினம். பழைய துணிக்குத் திரும்புவோம் என்னும் அறிவுரை, துவைக்கும் வேலையை அவள் தோளிலேயே மீண்டும் ஏற்றுமானால் அஃது அறமாகாது. படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பேணும் வீட்டில் ஒருமுறைத் துடைதாள் தேவையாகவும் இருக்கலாம்.

மறுபுறம், நாம் எறிவதைத் தொடுபவர்களையும் நினைக்க வேண்டும். நம் அடைத்த குழாயைத் திறப்பவரும், கலந்துகிடக்கும் குப்பையைக் கையால் பிரிப்பவரும் தூய்மைப் பணியாளர்களே. ஒருவருடைய வசதி மற்றொருவருடைய உடல்நலத்தைக் கெடுத்துப் பெறப்படுவதாக இருத்தல் கூடாது.

நாம் செய்யத்தக்கவை

அலசிப் பயன்படுத்தும் துணிக்கே முதலிடம் தருவோம். அலசும் வேலையை வீட்டிலுள்ள ஆண்களும் பெண்களும் பகிர்ந்துகொள்வோம். தவிர்க்க இயலாதபோது நெகிழியற்ற துடைதாளை வாங்கி, உணவு அழுக்கைத் துடைத்ததாயின் உரக்குழியில் இடுவோம். எவ்வகைத் துடைதாளையும் கழிவறையில் போடாதிருப்போம்.

'சூழலுக்கு உகந்தது' போன்ற பொதுச் சொற்களை ஆதாரமின்றி விளம்பரங்களில் பயன்படுத்தலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024இல் வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. இழை எது, எச்சூழலில் மட்கும், எத்தனை நாளில் மட்கும் என்பனவற்றை உறையில் தமிழில் அச்சிடுமாறு உற்பத்தியாளர்களைக் கேட்பது நம் உரிமை.

உறையில் உள்ள சொல்லை நீங்களே சோதித்தும் பார்க்கலாம். பள்ளித் தோட்டத்தில் ஒரு பருத்தித் துணுக்கையும், 'மட்கும்' என விற்கப்படும் ஒரு துடைதாளையும், சாதாரணத் துடைதாள் ஒன்றையும் தனித்தனி வலைப்பைகளில் புதைத்து, திங்கள்தோறும் தோண்டிப் பாருங்கள். எது மண்ணானது, எது மண்ணோடு ஒட்டாமல் நின்றது என்பதை உங்கள் கண்களே சொல்லும். விளம்பரம் எதைச் சொன்னாலும் இறுதித் தீர்ப்பு மண்ணுடையதே.