தந்தைக்கு வாய்ப்பூட்டு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டுக் கொல்லையில் ஒரு பப்பாளி மரமோ செம்பருத்திச் செடியோ வைத்திருக்கும் நேயர்களுக்கு மாவுப்பூச்சியை நாம் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. இலையின் அடியில் யாரோ அரிசி மாவைத் தூவிவிட்டுப் போனாற்போல் அப்பிக்கொண்டிருக்கும் அந்த ஜந்துவைக் கண்டதும் வீட்டுப் பெண்மணிகளுக்கு உண்டாகும் கோபமும் நமக்குத் தெரியும். 2008-ஆம் வருஷத்தில் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டு விவசாயிகளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 2010-இல் போர்ட்டோ ரீக்கோ தீவிலிருந்து ஒரு சிறு குளவியை வரவழைத்து ஏவிய பிறகே அதன் கொட்டம் அடங்கிற்று. ஆயினும் இவ்வாரம் நாம் அந்தக் குலத்தின் குற்றப் பத்திரிகையை வாசிக்கப் போவதில்லை. அதன் குடும்ப விவகாரம் ஒன்றைச் சொல்லப் போகிறோம்.

இலையில் நாம் காணும் வெள்ளைக் கூட்டமெல்லாம் பெண்களும் குஞ்சுகளுமே. ஆண் பூச்சி மிகச் சிறியது. அதற்குச் சிறகு உண்டு. வளர்ந்த பின் ஆகாரம் கிடையாது. ஆயுளோ சில தினங்கள். எலுமிச்சை மாவுப்பூச்சியின் ஒவ்வோர் உயிரணுவிலும் பத்துக் குரோமோசோம்கள் இருக்கின்றன. ஐந்து தாயின் சீதனம். ஐந்து தந்தையின் சொத்து. பெண் மகவினிடத்தில் பத்தும் ஒழுங்காக வேலை செய்கின்றன. ஆண் மகவினிடத்திலோ, கரு வளரத் தொடங்கிய சிறிது காலத்துக்குள்ளேயே, தந்தை கொடுத்த ஐந்தும் சுருண்டு இறுகி ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகின்றன. பெரும்பாலான உயிரணுக்களில் அவை அப்புறம் வாயைத் திறப்பதில்லை. ‘தாயைப் போலப் பிள்ளை’ என்ற பழமொழி மனிதரிடையே பாதி உண்மைதான். மாவுப்பூச்சியின் மகனுக்கோ அது ஏறக்குறைய முழு உண்மை!

இது வெறும் ஊகமன்று. கலிபோர்னியாவில் ஸ்பென்ஸர் பிரௌனும் நெல்ஸன்-ரீஸும் 1961-இல் ஒரு பரீட்சை முடிவை வெளியிட்டார்கள். தந்தைப் பூச்சிகளின்மீது எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் பிறகு இணையவிட்டார்கள். குரோமோசோம்கள் சிதைந்ததனால் பெண் மகவுகள் மடிந்தன. ஆண் மகவுகள் பிழைத்தன! தந்தையின் சொத்து பாழானாலும் அவற்றுக்கு நஷ்டமில்லை. அந்தப் பெட்டியை அவை திறப்பதே இல்லையல்லவா?

இதைவிட விந்தை ஒன்று உண்டு. ஆண் பூச்சி தன் சந்ததிக்குக் கொடுப்பது, தாயிடமிருந்து தான் பெற்ற ஐந்து குரோமோசோம்களை மட்டுமே. அவனிடத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அதே ஐந்து, அவன் மகனிடம் போனதும் ஊமையாகின்றன. மகளிடம் போனால் பேசுகின்றன. ஆகவே, எழுதப்பட்ட எழுத்தில் ஒன்றும் மாறவில்லை. 1878-இல் லிட்டன் பிரபு நம் தேச பாஷைப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டாரே, அப்போது அந்தப் பாஷைகளில் எழுத்துக்கள் குறைந்தா போயின? எழுத்துக்கள் இருந்தன, பூட்டும் இருந்தது. இங்கும் அப்படித்தான்.

பூட்டு எங்கே தொங்குகிறது? பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என்ற இழை மனித உயிரணு ஒன்றில் மட்டும் சுமார் இரண்டு மீட்டர் நீளம். அது சிக்கலாகாமல் இருப்பதற்காக, ஹிஸ்டோன் என்ற புரதக் கட்டைகளில் நூற்கண்டுபோல் சுற்றப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு கட்டை. அதைச் சுற்றி இழையின் 147 எழுத்து ஜோடிகள். ஜெர்மானியரான ஆல்பிரெக்ட் கோஸெல் ஹிஸ்டோனை 1884-லேயே கண்டுபிடித்தார். ஆனால் அது வெறும் சுமைதாங்கி என்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1964-இல் வின்ஸென்ட் ஆல்ஃப்ரி என்பவர், கட்டையில் ஒட்டும் சில சிறு ரசாயன முத்திரைகளுக்கும் ஜீன்களின் வேலைக்கும் சம்பந்தம் உண்டு என்று காட்டினார்.

ஒவ்வொரு கட்டையிலிருந்தும் வால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வாலில் அஸெடைல் முத்திரை விழுந்தால் பிடி தளர்கிறது; இழையைப் படிக்கலாம். மூன்றாம் ஹிஸ்டோனின் வாலில் ஒன்பதாவது இடத்தில் மீதைல் முத்திரை விழுந்தால், அதைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் வந்து அமர்கிறது. கட்டைகள் நெருங்கி இறுகுகின்றன. வந்து அமர்ந்த புரதம் சும்மா இருப்பதில்லை. முத்திரை குத்துபவனையும் கூட்டி வந்து, பக்கத்துக் கட்டையிலும் குத்தச் செய்கிறது. மௌனம் இவ்விதம் வீட்டுக்கு வீடு பரவுகிறது. எல்லை எது? அந்த ஒன்பதாவது இடத்தில் அஸெடைல் முன்னமே உட்கார்ந்திருந்தால் மீதைலுக்கு அங்கே இடமில்லை. ஒரே நாற்காலியில் இருவர் அமர முடியாதல்லவா? அஸெடைல் நிறைந்த பிரதேசத்தின் வாசலில் மௌனம் நின்றுவிடுகிறது. மாவுப்பூச்சி மகனின் ஊமைக் குரோமோசோம்களைச் சோதித்தபோது, அஸெடைல் குறைந்தும் மீதைல் மிகுந்தும் இருக்கக் கண்டார்கள்.

பூச்சி விவகாரம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சரத் சந்திரா, பிரௌனுடன் சேர்ந்து 1975-இல் எழுதிய கட்டுரை, மாவுப்பூச்சியில் கண்ட பாடத்தைப் பாலூட்டிகளின் எக்ஸ் குரோமோசோமோடு பொருத்திப் பார்த்தது. ஒவ்வொரு ஸ்திரீயின் உடலிலும் இரண்டு எக்ஸில் ஒன்று மௌனமாகவே இருக்கிறது. மனிதரிடத்திலும் தாய் வழியா, தந்தை வழியா என்று பார்த்துப் பூட்டப்படும் ஜீன்கள் உண்டு.

அதன் பலனைச் சில குடும்பங்கள் கண்ணீரோடு அனுபவிக்கின்றன. பதினைந்தாம் குரோமோசோமின் ஒரு பகுதியில், தந்தையின் பிரதி மட்டுமே பேசும். தாயின் பிரதி பூட்டப்பட்டிருக்கும். தந்தையின் பிரதியில் அந்தப் பகுதி அறுந்துபோனால் பிராடர்-வில்லி என்னும் வியாதி உண்டாகிறது. 10,000 முதல் 30,000 வரையிலான பிரசவங்களுக்கு ஒன்று என்பது கணக்கு. பிறந்தபோது பால் குடிக்கவும் வலுவில்லாத குழந்தை, சில வருஷங்களில் எவ்வளவு உண்டும் பசி அடங்காமல் தவிக்கிறது. உக்கிராண அறையைப் பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது. விஷயம் அறியாத சுற்றத்தார் ‘பெருந்தீனிக்காரன்’ என்கிறார்கள். வளர்ப்புச் சரியில்லையென்று தாயைக் குறை கூறுகிறார்கள். அவளிடமிருந்து வந்த நல்ல பிரதியோ, குழந்தையின் ஒவ்வோர் உயிரணுவிலும் பழுதின்றி, பூட்டின் பின்னே கிடக்கிறது!

2017-இல், அந்த ஒன்பதாவது இடத்தில் முத்திரை குத்தும் ஜி9ஏ என்ற நொதியை மருந்தால் தடுத்துப் பார்த்தார்கள். இதே கோளாறுள்ள சுண்டெலிக் குஞ்சுகளில் தாயின் பிரதி பேசத் தொடங்கிற்று. இளமையிலேயே மடிய வேண்டியவற்றில் சில பிழைத்தன. சுண்டெலிக்குப் பலித்தது மனிதருக்கு மருந்தாகிவிடாது. ‘ஜீனை மாற்றும் லேகியம்’ என்று எவரேனும் விற்க வந்தால் நேயர்கள் காசை முடிந்துகொள்வார்களாக. எனினும் பூட்டு என்று தெரிந்துவிட்டது, சாவியைத் தேடலாம்.

உபாத்தியாயர்களாகிய நாமும் பெற்றோர்களும், ஒரு பிள்ளையின் குறையைக் கண்டதும் ‘வித்து அப்படி’ என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வித்தில் இருப்பது வேறு, அதில் வாசிக்கப்படுவது வேறு. பசி பசி என்று அழும் குழந்தையை அதட்டுவதற்கு முன் வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நலம்.