வண்ணமும் பாடம் சொல்லும்

வகுப்பறைச் சுவரில் தொங்கும் படம் பேசாத ஓர் ஆசிரியை. மணி அடித்து எல்லோரும் கலைந்த பின்னும் அது அங்கேயே நின்று பாடம் நடத்துகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத சிறுமியும் அதன் வண்ணங்களைப் படித்துவிடுகிறாள். ஆகவே, அச்சிடும் பாடப் படத்திற்கு வண்ணம் தேர்வது வெறும் அலங்கார வேலை அன்று. அதுவும் கற்பித்தலே என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து.

வண்ணம் கூடக் கூடக் கவர்ச்சி கூடும் என்று பலரும் எண்ணுகின்றனர். அச்சகத்திலும் இதற்குத் தடையில்லை. சிவகாசியானாலும் வேறு எந்த ஊரானாலும் பல வண்ண ஆஃப்செட் அச்சுக்கு வழக்கமாகப் பயன்படுபவை நான்கு மைகளே: சயான் என்னும் பசுநீலம், மெஜந்தா என்னும் ஊதாச்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. இவற்றின் நுண்புள்ளிகள் அருகருகேயும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் விழுந்து, நம் கண்ணுக்கு எண்ணற்ற வண்ணங்களாகத் தோன்றுகின்றன. இந்த நான்கு மைகளைக் கொண்டு பத்து வண்ணம் காட்டினாலும் ஐம்பது வண்ணம் காட்டினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அதனாலேயே ஆசை எல்லை கடக்கிறது. விளைவு என்ன? படத்தில் எல்லாம் பளிச்சிடும். எது முக்கியம் என்பது மட்டும் தெரியாது.

நமக்கெல்லாம் பழக்கமான இரத்த ஓட்டப் படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் சிவப்பு. ஆக்சிஜன் குறைந்த இரத்தம் நீலம். பார்த்தவுடன் வேறுபாடு விளங்குகிறது. இது நல்ல தேர்வே. ஆனால் நம் உடம்பில் நீல இரத்தம் ஓடுகிறதா? இல்லை. ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. "நீலம் ஓர் அடையாளமே" என்ற ஒரு வரியைப் படத்தின் கீழே அச்சிடாவிட்டால், சிறு பிள்ளைகள் நீல இரத்தத்தை உண்மையென்றே நம்பி வளர்வார்கள். தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலம் என்று மட்டும் மனப்பாடம் செய்தவளோ, நுரையீரல் தமனி நீலமாக இருப்பதைக் கண்டு திகைத்து நிற்பாள். வண்ணம் எதைக் குறிக்கிறது என்று சொல்லாத படம், பாதிப் பாடத்தை மறைத்த படமாகும்.

அதே படத்தில் உள்ள மனித உருவத்தின் தோலையும் சற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது வெளிர் ரோஜா நிறத்திலேயே இருக்கிறது. நம் வகுப்பில் எத்தனை பேருக்கு அந்த நிறம்? அமெரிக்காவில் கிரயோலா வண்ணக்குச்சிகளில் ஒன்றுக்குச் "சதை நிறம்" என்று பெயர் இருந்தது. உலகில் எல்லோருடைய சதையும் அந்த நிறமன்று என்பதால், 1962ஆம் ஆண்டில் அதன் பெயர் பீச் பழத்தின் பெயராக மாற்றப்பட்டது. நம் ஊர்ச் சுவர்ப்படங்களில் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இன்னும் இடம் வேண்டாமா? ஒரு பெண் தன் உடலைப் பற்றிப் படிக்கும் படத்திலேயே தன் நிறத்தைக் காணாவிட்டால், தன் நிறம் ஏதோ குறையுடையது என்ற பாடத்தையும் சேர்த்தே படிக்கிறாள். அழகுப் பசை விளம்பரங்கள் சொல்லும் அந்தப் பொய்யை அறிவியல் படமும் சொல்லலாமா?

அடுத்ததாக, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களை நாம் நினைக்க வேண்டும். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இக்குறை உண்டு. நம் நாட்டிலும் இக்குறை உள்ளவர்கள் இருக்கின்றனர். அணுக்கொள்கைக்காக நாம் படிக்கும் ஜான் டால்டனே இத்தகையவர்தாம். தம் பார்வையைப் பற்றி அவர் 1794இல் ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார். தம் கண்ணினுள் உள்ள நீர்மம் நீலமாக இருப்பதே காரணம் என்று எண்ணி, தம் இறப்புக்குப் பின் கண்ணைச் சோதிக்கவும் சொல்லிவைத்தார். 1844இல் அவர் இறந்தபின் பார்த்தபோது நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அக்கண்ணின் மரபுப்பொருளை 1995இல் ஆராய்ந்து உண்மைக் காரணத்தைக் கண்டனர்.

"இது பெண்கள் பள்ளி, நமக்கு இது எதற்கு?" என்று சில தோழியர் கேட்கலாம். இக்குறைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அது தாயிடம் வெளியே தெரியாமல் இருந்து மகனிடம் வெளிப்படக்கூடும். நம் தம்பியோ நாளை நம் மகனோ, காடுகளைப் பச்சையாலும் செம்மண்ணைச் சிவப்பாலும் மட்டுமே பிரித்துக் காட்டும் நிலப்படத்தின் முன் விழிக்கலாம். அவனை "மந்தம்" என்று திட்டுவது நியாயமா? குற்றம் படத்தினுடையது. சிவப்புக்கும் பச்சைக்கும் பதில் நீலமும் ஆரஞ்சும் இருந்தால், அல்லது ஒரு பகுதியில் கோடுகளும் மறுபகுதியில் புள்ளிகளும் இட்டிருந்தால், அவனும் நம்மோடு சேர்ந்து படித்திருப்பான்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. வெயில் படும் சுவரில் பெரும்பாலும் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளிறுகின்றன. தெருச் சுவரொட்டிகள் நாளடைவில் நீலம் பூத்துப்போவதை யார்தான் பார்க்கவில்லை? வகுப்பறைச் சன்னலோரம் தொங்கும் படத்திலும் சிவப்பு இப்படியே போய்விடும். எனவே பெயர்களையெல்லாம் கறுப்பு மையிலேயே அச்சிட வேண்டும். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: இரண்டு மூன்று மைகள் சேர்ந்து உருவாகும் சிறு எழுத்து, தாள் இம்மியளவு விலகினாலும் கலங்கிவிடும், கறுப்பு மட்டும் என்றால் தெளிவாக நிற்கும்.

இவற்றையெல்லாம் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அச்சுக்குக் கொடுக்குமுன் படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். பகுதிகள் அப்போதும் தனித்தனியே தெரிந்தால் படம் தேறியது. பிறகு அதைக் கடைசி வரிசைப் பெஞ்சிலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். பாடப் படத்துக்கு உண்மையான சுவர், அதைப் பார்க்கும் பிள்ளையின் மனமே. வீட்டுக்குப் படம் வாங்கும் பெற்றோரும், வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கும் அருட்சகோதரியரும் ஆசிரியைகளும், விழாவுக்குப் படம் வரையும் தோழியரும் "இது அழகாக இருக்கிறதா?" என்று மட்டும் கேளாமல், "இது உண்மையைச் சொல்கிறதா? எல்லோருக்கும் சொல்கிறதா?" என்றும் கேட்பார்களாக!